“எந்த வயதில் தொடங்கியது?” — பெடோஃபிலியா பற்றிய சர்வேக்களை எப்படிப் படிப்பது, புதுச்சேரி, கடலூர் பக்கம் எதைச் செய்ய முடியும்

கேள்வி இது: “புதுச்சேரியில் முதுநிலை உளவியல் படிக்கிறேன். பெடோஃபிலிக் டிஸார்டர் எந்த வயதில் தொடங்குகிறது, அவர்களிடம் என்னென்ன பொதுத்தன்மைகள் இருக்கின்றன என்று டெசர்ட்டேஷனுக்கு ஒரு சர்வே செய்ய நினைக்கிறேன். கடலூர் மத்திய சிறையில் இருக்கும் போக்சோ கைதிகளிடம் கேள்வித்தாள் கொடுக்கலாமா? இதுவரை வெளிவந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?”

சிறையிலிருந்து தொடங்க வேண்டாம். அனுமதி கிடைக்காது என்பதற்காகச் சொல்லவில்லை, கிடைத்தாலும் கடலூர் சிறை இருக்கும் கேப்பர் மலையில் நீங்கள் தேடும் ஆட்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். போக்சோ சட்டத்துக்கு 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான். பதினேழு வயதுப் பெண்ணைக் காதலித்துக் கூட்டிக்கொண்டு போன இருபது வயதுப் பையனும் அந்தப் பட்டியலில் இருப்பான். இப்படிப்பட்ட வழக்கு ஒன்றை ரத்து செய்தபோது சென்னை உயர் நீதிமன்றமே 2021-இல் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டியது. பெடோஃபிலியா என்று மனநல மருத்துவம் சொல்வது வேறொன்றை: பருவமடைதலே தொடங்காத பிள்ளைகள் மீது, பொதுவாக 13 அல்லது அதற்குக் கீழ் வயதுள்ளவர்கள் மீது, நிலைத்து நிற்கும் பாலியல் ஈர்ப்பு. போக்சோ கைதிகள் 100 பேரிடம் வாங்கிய தாளை வைத்து “பெடோஃபிலியாவின் தொடக்க வயது” என்று தலைப்புப் போட்டால், முதல் பக்கத்திலேயே வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள்.

சின்னக் குழந்தைக்கே கொடுமை செய்து உள்ளே போனவர்களை மட்டும் பிரித்தெடுத்தாலும் சிக்கல் தீராது. அப்படிக் குற்றம் செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் அந்த ஈர்ப்பு இருப்பதாக இந்தத் துறையில் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். மற்றவர்கள் குடிபோதையிலோ, வீட்டில் தனக்கிருந்த அதிகாரத்தை வைத்தோ, பிள்ளை கைக்கெட்டிய தூரத்தில் தனியாக இருந்ததாலோ செய்தவர்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஈர்ப்பு இருந்தும் எந்தக் குழந்தையையும் தொடாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சிறைப் பட்டியலிலும் இல்லை, ஆஸ்பத்திரிப் பட்டியலிலும் இல்லை. ஈர்ப்பு, கோளாறு, குற்றம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் இந்தத் துறையின் பழைய ஆய்வுகள் பலவற்றில் இருக்கும் கோளாறு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறைக் கையேடான டிஎஸ்எம்-5-இன் அளவுகோலை வரிக்கு வரி படித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்வித்தாளின் எலும்புக்கூடு அதுதான். பருவமடையாத குழந்தைகள் குறித்த தீவிரமான பாலியல் கற்பனைகள், உந்துதல்கள் அல்லது நடத்தைகள் குறைந்தது 6 மாதம் திரும்பத் திரும்ப வர வேண்டும். அந்த நபர் அதன்படி நடந்திருக்க வேண்டும், அல்லது அதனால் அவருக்குக் கடுமையான மன வேதனையோ பிறரோடு பழகுவதில் சிக்கலோ இருக்க வேண்டும். அவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும், குழந்தையைவிடக் குறைந்தது 5 வயது மூத்தவராக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை இல்லையென்றால் அது ஈர்ப்பு மட்டும், கோளாறு என்று எழுத முடியாது. குழந்தைகளிடம் மட்டுமே ஈர்ப்பா, பெரியவர்களிடமும் உண்டா என்று தனியாகக் குறிக்கவும் அதில் இடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதை 6டி32 என்ற எண்ணில் வைத்திருக்கிறது. வயது நெருக்கமான சிறுவர்களுக்கு இடையே நடப்பதை இதில் சேர்க்கக் கூடாது என்று அதுவும் சொல்கிறது.

16 வயது, 5 வருட இடைவெளி என்ற அந்த எண்களில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது. பதினொரு வயதுப் பையனுக்குப் பதினொரு வயதுப் பெண்ணைப் பிடிப்பதில் எந்தக் கோளாறும் இல்லை. அவன் வளர வளர அவன் கண் போகும் வயதும் கூடவே வளரும். சிலருக்கு மட்டும் அது நகர்வதில்லை: கூட்டாளிகள் எல்லோரும் பிளஸ் டூ பெண்களைப் பற்றிப் பேசும்போது இவன் மனம் இன்னும் ஐந்தாம் வகுப்பிலேயே நிற்கிறது. இது தெரிய வருவது பதினைந்து, பதினாறு வயதில்தான். ஆனால் இருபது வருடம் கழித்து “எப்போது தொடங்கியது?” என்று கேட்டால், பின்னோக்கிப் பார்த்து “பன்னிரண்டு” என்பார். பன்னிரண்டில் இருந்தது இயல்பான ஈர்ப்பா, இந்த ஈர்ப்பா? அவருக்கே தெரியாது, ஒற்றைக் கேள்வி வைத்த சர்வேக்கும் தெரியாது. பருவ வயதை ஒட்டி உணர்ந்ததாகப் பலர் சொல்வது உண்மைதான். அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நேரங்கள் கலந்து கிடக்கின்றன: முதன்முதலில் உணர்ந்தது, மற்றவர்களிலிருந்து தான் வேறுபடுவதைக் கவனித்தது, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அறிந்து ஒப்புக்கொண்டது. மூன்றுக்கும் இடையே பல வருடங்கள் இருக்கலாம்.

இனி எண்கள். 1987-இல் அமெரிக்காவில் ஜீன் ஏபல் குழுவினர், சிறைக்கு வெளியே இருந்த, பலவகைப் பாலியல் விலகல் கொண்ட 561 ஆண்களைப் பற்றி வெளியிட்டார்கள். பதில்களைப் போலீஸோ நீதிமன்றமோ கேட்டுப் பெற முடியாதபடி பாதுகாப்பு ஏற்பாடு இருந்ததால் ஆட்கள் வாய் திறந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 18 வயதுக்கு முன்பே விலகலான ஆர்வம் தொடங்கியதாகச் சொன்னார்கள். 2015-இல் ஹாம்பர்க்கில் தோஸ்தான், பிரிக்கன் இருவரும் தொடக்க வயதையே மையமாக வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சீக்கிரம் தொடங்கியதாகச் சொன்னவர்களிடம் ஈர்ப்பு குழந்தைகள் மீதே அதிகம் குவிந்திருந்தது, அது மாறக்கூடியது என்ற நம்பிக்கையும் குறைவு. இதைக் காரணம், விளைவு என்று படித்துவிடாதீர்கள். “இது என்னோடு பிறந்தது, மாறாது” என்று இன்று நினைப்பவர், அந்த நினைப்புக்கு ஏற்றபடி நினைவையும் பின்னுக்குத் தள்ளிச் சொல்லக்கூடும். ஒரே நாளில் ஒரே ஆளிடம் கேட்ட சர்வே இந்த இரண்டையும் பிரிக்காது.

எவ்வளவு பேர் என்ற கேள்விக்கு, ஜெர்மனியில் டோம்பர்ட் குழுவினர் 8,718 ஆண்களிடம் இணையத்தில் எடுத்து 2016-இல் வெளியிட்டது நல்ல ஆய்வு. பருவமடையாத குழந்தைகள் பற்றிய பாலியல் கற்பனை வந்ததுண்டு என்றவர்கள் 4.1 சதவீதம், குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் 3.2 சதவீதம், தன் விருப்பமே குழந்தைகள்தான் என்றவர்கள் 0.1 சதவீதம். நம் ஊர்ச் செய்திகளில் அந்த 4.1-ஐ எடுத்து “நூற்றில் நாலு பேர் பெடோஃபைல்” என்று எழுதிவிடுவார்கள். 4.1-க்கும் 0.1-க்கும் நாற்பது மடங்கு வித்தியாசம். எந்த எண்ணைப் பார்த்தாலும், கேட்ட கேள்வி என்ன என்று முதலில் பாருங்கள்.

சிறை, பொது மக்கள் இரண்டையும் விட்டால் மூன்றாவது வழி, ஈர்ப்பு உள்ளவர்கள் தாங்களே கூடும் இணையதளங்களில் ஆள் சேர்ப்பது. பெய்லி குழுவினர் அப்படி 1,189 ஆண்களிடம் பதில் வாங்கி 2016-இல் வெளியிட்டார்கள். சிறையில் கிடைக்காதவர்கள் இதில் கிடைத்தார்கள். ஆனால் அங்கே வருபவர்கள் இணையத்தில் புழங்குபவர்கள், தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்கள், தன் தரப்பை நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்ற அக்கறை உள்ளவர்கள். சிறை மாதிரியில் வருவது பிடிபட்டவர்கள், இணைய மாதிரியில் வருவது பேசத் துணிந்தவர்கள். பேசாமல், பிடிபடாமல் இருப்பவர்களைப் பற்றி இரண்டுமே மௌனம்.

பொதுத்தன்மைகள் என்று பாடப்புத்தகங்களில் வருவதில் பெரும் பகுதி கனடாவின் டொரன்டோ கிளினிக் ஆய்வுகளிலிருந்து வந்தது. சராசரி ஐக்யூ கொஞ்சம் குறைவு, இடதுகைப் பழக்கம் அதிகம், உயரம் சற்றுக் குறைவு, 13 வயதுக்கு முன் தலையில் அடிபட்டது அதிகம் என்று ரே பிளான்சர்டும் ஜேம்ஸ் கேன்டரும் காட்டினார்கள். மூளை வளர்ச்சியிலேயே வேர் இருக்கலாம் என்ற கருத்துக்கு அடிப்படை இதுதான். ஆனால் அந்தக் கிளினிக்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கோர்ட்டும் நன்னடத்தை அதிகாரிகளும் அனுப்பியவர்கள். பிறகு ஜெர்மனியில் குற்றம் செய்தவர், செய்யாதவர் என்று பிரித்துப் பார்த்தபோது, மூளை சார்ந்த வேறுபாடுகளில் பல குற்றம் செய்தவர்கள் பக்கமே ஒட்டிக்கொண்டன. இதெல்லாம் குழுச் சராசரி. ஓர் ஆளைப் பார்த்து, கையைப் பார்த்து, எதுவும் சொல்ல முடியாது.

“சின்ன வயதில் பாதிக்கப்பட்டவன்தான் பெரியவனாகி அதையே செய்கிறான்” என்பது இங்கே எல்லோர் வாயிலும் வருவது. குற்றம் செய்தவர்களிடம் பின்னோக்கிக் கேட்டால் பாதிக்கப்பட்ட அனுபவம் அதிகமாகத்தான் வரும். ஆனால் கேத்தி விடம், மாஸ்ஸி ஆகியோர் 2015-இல் வெளியிட்டது முன்னோக்கிய ஆய்வு. கொடுமையோ புறக்கணிப்போ அனுபவித்ததாகக் கோர்ட் ஆவணம் உள்ள 908 குழந்தைகளையும், ஒப்பிட 667 பேரையும் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். பாலியல் குற்றத்துக்குக் கைதாகும் வாய்ப்பு, அடிஉதையும் புறக்கணிப்பும் அனுபவித்தவர்களிடம் கூடியிருந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. மீண்டு வந்த பிள்ளைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் ஊரில் இந்த ஒரு முடிவை நீங்கள் சரியாக எழுதினாலே போதும், டெசர்ட்டேஷனுக்குப் பயன் உண்டு.

தொடக்கம் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் என்று வந்தால் அதைச் சராசரியில் கலக்காதீர்கள். அதுவரை எதுவுமே இல்லாத ஒருவரிடம் புதிதாக இப்படி ஒரு நடத்தை முளைத்தால் முதலில் பார்க்க வேண்டியது மூளையை. 2003-இல் பதிவான ஒரு நோயாளிக்கு வயது 40. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலுள்ள மூளைப் பகுதியில் கட்டி. அதை எடுத்ததும் நடத்தை நின்றது, கட்டி திரும்ப வளர்ந்தபோது அதுவும் திரும்பியது. முன்மூளை பாதிக்கும் டிமென்ஷியாவிலும், பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் பாலியல் கட்டுப்பாடு தளர்வதுண்டு. இப்படிப்பட்டவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் சர்வேயில் தவறாக வந்து விழும், அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் கோளாறு உள்ளவர்கள். பிள்ளை பெற்று மூன்று மாதமான தாய்க்கு, குழந்தையைக் குளிப்பாட்டும்போது “நான் ஏதாவது தப்பாகச் செய்துவிடுவேனோ” என்று ஓர் எண்ணம் வெட்டிப் போகும். அருவருத்து, பயந்து, குழந்தையைத் தொடுவதையே விட்டுவிடுவார், நூறு தடவை தன் மனதைச் சோதித்துப் பார்ப்பார். இதில் இருப்பது ஆசை இல்லை, பயம். “குழந்தைகள் குறித்துப் பாலியல் எண்ணம் வந்ததுண்டா?” என்று கேட்டால் நேர்மையாக “ஆம்” என்று டிக் அடிப்பவர் இவர்தான். அதனால் எண்ணம் வந்ததா என்பதோடு, அது விரும்பத்தக்கதாக இருந்ததா, விரட்டப் பார்த்தாரா, தவிர்த்தாரா என்றும் கேட்டாக வேண்டும். ஓசிடிக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தவறான லேபிள் ஒட்டினால் அந்தக் குடும்பமே உடைந்து போகும்.

கேள்வித்தாள் எழுதும்போது “வயசுக்கு வராத பிள்ளை” என்று போடத் தோன்றும். போடாதீர்கள். நம் பக்கம் அது மஞ்சள் நீராட்டோடு சேர்ந்த அளவுகோல். பையன்களுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. பெண்களுக்கும் மாதவிடாய் வருவது பருவமடைதலின் பின்பகுதியில், உடல் மாற்றம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் கழித்து. “பத்து வயது அல்லது அதற்குக் கீழ்”, “பதினொன்று முதல் பதின்மூன்று”, “பதினான்கு முதல் பதினேழு”, “பதினெட்டுக்கு மேல்” என்று வயதுப் படிகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஈர்ப்பின் அளவைக் கேளுங்கள். பெரியவர்கள் மீதான ஈர்ப்பையும் அதே அளவுகோலில் கேட்டால்தான் ‘குழந்தைகளிடம் மட்டும்’ என்ற பிரிவு கிடைக்கும்.

வயதை நேராகக் கேட்டால் பத்து, பதினைந்து, பதினெட்டு என்று முழு எண்களில் போய்க் குவியும். நினைவுக்கு ஊன்றுகோல் கொடுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, பத்தாம் பரீட்சைக்கு முன்னா பின்னா. கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2011 டிசம்பர் 30 தானே புயலும் மறக்காது. “தானே புயலுக்கு முன்பா?” என்று கேட்டால் முப்பது வயதுக்காரர் சட்டென்று சொல்லிவிடுவார். முதல் உணர்வு, வேறுபாட்டைக் கவனித்தது, ஒப்புக்கொண்டது, முதலில் யாரிடமாவது சொன்னது ஆகியவற்றை நான்கு தனிக் கேள்விகளாக வையுங்கள். முதல் கேள்விக்குப் பக்கத்திலேயே “அப்போது அந்தப் பிள்ளைகள் உங்களைவிட எத்தனை வயது இளையவர்கள்?” என்று ஒன்று இருக்க வேண்டும். இது இல்லாத தொடக்க வயதுத் தரவு எதற்கும் உதவாது.

ஆனால் பொது மக்களிடமோ கல்லூரியிலோ இதைக் கொடுப்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 ஆண்கள், 0.1 சதவீதம்: அரை ஆள். கற்பனை வந்ததுண்டு என்பவர்களையே எடுத்தாலும் இருபது பேர். கேள்வியைப் படிக்காமல் டிக் அடித்துத் தள்ளுபவர்கள் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே பத்து பேர்; அவர்கள் உங்கள் முடிவை விழுங்கிவிடுவார்கள். ஒருவர்கூட “ஆம்” சொல்லாமல் போனாலும், உண்மை அளவு 0.6 சதவீதம் வரை இருக்கலாம் என்பதே 500 பேரை வைத்துச் சொல்லக்கூடியது. பகடை உருட்டி, தன் பதில் உண்மையா என்று ஆய்வாளருக்கே தெரியாதபடி பதில் சொல்லும் மறைமுக முறைகள் வெட்கத்தைக் குறைக்கும், ஆனால் பிழை அளவை ஏற்றிவிடும். இவ்வளவு அரிதான ஒன்றுக்கு அவை இன்னும் பெரிய மாதிரி கேட்கும்.

சட்டத்தைப் பற்றி கைடு சொல்லாவிட்டாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போக்சோ 19-ஆவது பிரிவின்படி குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை, மருத்துவருக்கும் இல்லை. தெரிவிக்காவிட்டால் 21-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத் தலைமையில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் 2005-இல் தொடங்கிய தடுப்புத் திட்டத்துக்கு ஆட்கள் தாமாக வருவதற்கு, ஜெர்மனியில் பழைய குற்றத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் மருத்துவருக்கு இல்லாததும் ஒரு காரணம். அந்த ஏற்பாட்டை இங்கே நகலெடுக்க முடியாது. புதுச்சேரியின் பாகூரிலும் தமிழ்நாட்டின் கடலூரிலும் ஒரே ஆய்வு நடத்தினால் இரண்டு பக்கமும் வேறு வேறு காவல் துறை, வேறு வேறு குழந்தைகள் நலக் குழு. யாருக்குத் தெரிவிப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

எனவே ஒரு மாணவியின் டெசர்ட்டேஷனில் நேர்காணலாக, பெயர் தெரிந்தவரிடம், நடத்தை பற்றிய கேள்வி வேண்டவே வேண்டாம். என்ன சொன்னால் நீங்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதை ஒப்புதல் படிவத்தின் முதல் பத்தியிலேயே எளிய தமிழில் போடுங்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) 2017 வழிகாட்டுதலின்படி எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஒரு தாள்கூடக் கொடுக்கக் கூடாது. 18 வயது நிறையாதவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கொண்டு போகவும் கூடாது. வேதனையோடு யாராவது பதில் எழுதினால் போக ஓர் இடம் தாளிலேயே இருக்க வேண்டும்: அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416, கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. ஆபத்தில் இருப்பது குழந்தை என்றால் 1098 அல்லது 112. இப்படிப்பட்டவர்களிடம் தற்கொலை எண்ணம் மிகப் பரவலாக இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது, இதைச் சம்பிரதாய வரியாக நினைக்க வேண்டாம்.

உங்களால் நன்றாகச் செய்யக்கூடியது, என் கணக்கில், இந்த இரண்டில் ஒன்று. ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில், கைடு வழியாக, கடந்த பத்து வருடக் கேஸ் ஷீட்டுகளைப் பெயர் நீக்கிப் பார்ப்பது: யார் அனுப்பி வந்தார், எந்த வயதில் வந்தார், தொடக்கம் என்று என்ன எழுதப்பட்டிருக்கிறது, ஓசிடியா, அறிவுத்திறன் குறைபாடா, டிமென்ஷியாவா. இருபது, முப்பது ஷீட் கிடைத்தாலும் அது நேர்மையான தரவு. அல்லது புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்தில் உள்ள மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், பள்ளி ஆலோசகர்களிடம் சர்வே: அளவுகோல் தெரியுமா, போக்சோ குற்றத்தையும் இந்தக் கோளாறையும் பிரித்துப் பார்க்கிறார்களா, குற்றம் செய்யாத ஒருவர் உதவி கேட்டு வந்தால் என்ன செய்வார்கள், 19-ஆவது பிரிவை எப்படிப் புரிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு நூறு பேர் கிடைப்பார்கள், எத்திக்ஸ் கமிட்டியும் அதிகம் இழுக்காது. இங்கே இன்று யாருக்கும் தெரியாத விஷயமும் அதுதான்.

கேஸ் ஷீட் வழியைத் தேர்ந்தால், தொடக்க வயதுக்குச் சராசரி போடாமல் மீடியனும் (வரிசையில் நடுவில் வரும் எண்) கால்மானங்களும் (வரிசையைக் கால் கால் பங்காகப் பிரிக்கும் எண்கள்) போடுங்கள். ஐம்பது வயதில் தொடங்கிய ஒரே ஒரு டிமென்ஷியா கேஸ் சராசரியை இழுத்துவிடும். வந்தவர்களில் இருபது வயதுக்காரர்கள் அதிகம் இருந்தால் தொடக்க வயதும் தானாகவே குறைவாக வரும், ஏனென்றால் இருபது வயதுக்காரர் முப்பதில் தொடங்கியது என்று சொல்லவே முடியாது. வந்தபோதிருந்த வயதைத் தொடக்க வயதுக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையாகக் கட்டாயம் கொடுங்கள், “முதல் உணர்வு”, “முதல் புகார்” இரண்டையும் ஒரே நெடுவரிசையில் எழுதிவிடாதீர்கள். பல ஷீட்டுகளில் ‘ஆன்செட்’ என்று குறித்திருப்பது, போலீஸ் முதல் தடவை கூட்டி வந்த தேதிதான்.